தெருவில் வரைந்த குளியலறை

"அண்ணே, கண்ணு தெரியலையா? சுவத்து மேல நிக்கிறீங்க!"

ராஜாத்தி போட்ட சத்தத்தில், தோளில் நூல் சிப்பத்தோடு போய்க்கொண்டிருந்த மனிதர் திடுக்கிட்டு நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். சுவர் எதுவும் தென்படவில்லை.

"எங்கம்மா சுவரு?"

"காலுக்குக் கீழ பாருங்க. நான் உள்ள குளிச்சிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு வாரீங்க!"

குனிந்து பார்த்தார். கோலமாவில் இழுத்த வெள்ளைக் கோடு அவர் செருப்புக்கு அடியில் கலைந்து கிடந்தது. அவருக்கு என்ன புரிந்ததோ, "மன்னிச்சுக்க தாயி" என்று சொல்லிவிட்டு வெளியே குதித்தார். தெருவே சிரித்தது. நான் கோலமாவுச் சிரட்டையோடு போய் இடிந்த சுவரை மறுபடி கட்டினேன்.

சின்னாளப்பட்டியில், எங்கள் வீட்டு வாசலில், நடுத்தெருவில் அன்று ஒரு குளியலறை இருந்தது. வரைந்தது நான். கோலம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால் மூலைக்கொரு தாமரை மொட்டும் வைத்திருந்தேன். ஒரு பக்கம் கவிழ்த்துப் போட்ட கூடை, அதுதான் கமோடு. அடுத்து நாலு செங்கல் மேல் ஒரு பலகை. அது உட்கார்ந்து குளிக்கிற திட்டு. கடைசியில் சாயம் தீர்ந்துபோன ஒரு டிரம். அது தண்ணீர்த் தொட்டி. நடுவில், சக்கர நாற்காலியில், கையில் காலிச் செம்போடு என் நாத்தனார் ராஜாத்தி.

அவளை முதலிலேயே ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட ஒரு வயது இளையவள். சின்ன வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. அதற்கு ஈடாகக் கைக்கும் வாய்க்கும் இரண்டு பங்கு பலம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பேச்சிலும் கிடையாது.

இது எண்பதுகளில் ஏதோ ஒரு வருஷம். எந்த வருஷம் என்று என் மூத்த மகளைக் கேட்டால் சரியாகச் சொல்வாள். அவள் அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம்.

ஆம்பளைங்க வெளியே!

எதற்காகத் தெருவில் குளியலறை என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் வீட்டுக் காலை நேரத்தைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், மாமனார், ராஜாத்தி. மாமியார் நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். முன்கூடத்தில் நாலு தறி. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை தடக் தடக்கென்று சத்தம் ஓயாது. கொல்லையில் சாய அடுப்பு. குளியலறை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்கள் கொல்லையில் குளிப்பார்கள். நான் விடியுமுன் ஒரு தட்டி மறைவில் குளித்துவிடுவேன். ராஜாத்திக்குக் கொல்லையே கிடையாது. அடுப்படிக் கதவைத் திறந்தால் மூன்று படி இறங்க வேண்டும். மாமியார் இருந்தவரை மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்குவாராம். அவர் போன பிறகு அவள் கொல்லையில் இறங்கியதே இல்லை.

அதனால் அவளுக்கு அடுப்படி மூலையில் இருக்கும் அங்கணத்தில்தான் குளியல். பாத்திரம் கழுவுகிற அதே பள்ளம். பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டி, அவளை நாற்காலியிலிருந்து மணைக்கு இறக்கி, நான் தண்ணீர் ஊற்றிவிடுவேன். சேலை மறைவுதானே? அதனால் தினமும் காலையில் நான் ஒரு குரல் கொடுப்பேன்.

"ஆம்பளைங்க வெளியே!"

மாமனாரும் என் வீட்டுக்காரரும் எழுந்து போய்த் தெருவில் நிற்பார்கள். தறி நிற்கும். தறிச் சத்தம் நின்றால் தெருவுக்கே காரணம் தெரியும். எதிர்வீட்டுப் பெண், "என்ன மாமா, ராஜாத்தி குளிக்கிறாளா?" என்று விசாரிப்பாள். மாமனார் வானத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் நான் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது ராஜாத்தி சொன்னாள். "அண்ணி, நான் குளிக்கிறது ஊருக்கே தெரியுது. உலகத்துல வேற எந்தப் பொம்பளைக்காச்சும் இப்படி உண்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் பக்கம் திரும்பாமலே சோப்புக்குக் கையை நீட்டினாள். இத்தனை நாளாக நான் செய்வது பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த குரல்தான் அவளைத் தினமும் தெருவில் நிறுத்தியிருக்கிறது.

கன்னிவாடியிலிருந்து ஓர் ஆபத்து

அப்போது எனக்கு நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளையல் போட்டு வத்தலக்குண்டுக்கு, என் பிறந்த வீட்டுக்கு, அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளை பெற்று நான் திரும்பி வர எப்படியும் ஆறேழு மாதம் ஆகும். அதுவரை ராஜாத்தியை யார் குளிப்பாட்டுவது?

"கன்னிவாடிச் சின்னம்மா வரட்டும்" என்றார் மாமனார்.

ராஜாத்தியின் முகம் செத்துவிட்டது. மாமியாரின் தங்கையான சின்னம்மா நல்லவர்தான். வேலைக்கு அஞ்சாதவர். ஆனால் வாய்க்குப் பூட்டே கிடையாது. முன்பு ஒரு தடவை பத்து நாள் வந்திருந்து குளிப்பாட்டிவிட்டுப் போனார். அடுத்து நடந்த ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ராஜாத்தியின் கால் எவ்வளவு மெலிந்திருக்கிறது, இடுப்பில் எங்கே மச்சம் இருக்கிறது என்றெல்லாம் உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். எல்லாம் பாசத்தில்தான்.

"சின்னம்மா வந்தா நீங்க திரும்பி வார வரைக்கும் நான் குளிக்க மாட்டேன். அம்புட்டுத்தான்" என்றாள் ராஜாத்தி.

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம். நாறட்டும் வீடு."

ஆகவே, ஏழாம் மாதத்துக்குள் ராஜாத்தி தானே போய், தானே தாழ் போட்டு, தானே குளிக்கிற மாதிரி ஓர் அறை வேண்டும். இல்லையென்றால் சின்னம்மா. இதுதான் எங்கள் முன்னால் இருந்த கணக்கு.

புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணிகூட அடிக்கக் கூடாது என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். மாமனார் யோசித்தார். "நீ என்ன தாயி சொல்றே?" என்று என்னையே கேட்டார். எனக்கு அந்த நாளில் மூக்குக்கு மேல் கோபம் வரும். "அவளத் தெனமும் தூக்கி எறக்குறேனே மாமா, அதுல வராத கெடுதலா சுவத்த இடிச்சா வரப்போகுது?" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கமோடு என்றதும் மட்டும் மாமனார் முரண்டு பிடித்தார். "சாமி கும்புடுற வீட்டுக்குள்ள கக்கூஸா?"

ராஜாத்தி நிதானமாகக் கேட்டாள். "ஓட்ட போட்ட முக்காலியும் சட்டியும் இப்ப எங்கப்பா இருக்கு? சாமி படம் மாட்டியிருக்க சுவத்துக்கு நேர் பின்னாடி. இதுநாள் வரைக்கும் சாமி ஒண்ணும் கோவிச்சுக்கலையே?"

மறுவாரம் கமோடு வாங்கத் திண்டுக்கல் புறப்பட்டோம்.

டிக்கெட் எடுக்காத பயணி

இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. திண்டுக்கல்லில் கடைக்காரர் கமோடை வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். கூட்டம். வயிற்றோடு நின்ற என்னைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவதி எழுந்து இடம் கொடுத்தாள். பக்கத்து இருக்கையும் காலியாக, நான் கமோடை அதில் வைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

நாலு நிறுத்தம் போவதற்குள் கண்டக்டர் வந்தார். சாக்கு விலகி வெள்ளைவெளேர் என்று பாதி தெரிந்தது.

"ஏம்மா, அது பாட்டுக்குச் சீட்டுல உக்காந்திருக்கு. அதுக்கு யாரு டிக்கெட் எடுப்பா?"

"காலமெல்லாம் அடுத்தவங்கள உக்கார வைக்கப் போகுதுண்ணே. இன்னைக்கு ஒரு நாள் அது உக்காரக் கூடாதா?"

பஸ்ஸே குலுங்கியது. என் வீட்டுக்காரர் யாரோ தெரியாதவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. இறங்கும்போது ஒரு கை பிடித்து இறக்கியும்விட்டார். அதற்குப் பிறகு எப்போது அந்த பஸ்ஸில் என்னைக் கண்டாலும், "சின்னாளப்பட்டி ஒண்ணுதானா, ரெண்டா?" என்று கேட்பார்.

முடிச்சுப் போட்ட நூல்

இடம் எங்கே என்று பார்த்தோம். அடுப்படியை ஒட்டி சந்து மாதிரி ஒரு குறுகலான நடை உண்டு. அது போய் முடிகிற இடத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொல்லை. அந்த ஜன்னலை வாசலாக்கி, வெளியே மண் கொட்டி வீட்டுத் தரை மட்டத்துக்கு உயர்த்தி, அங்கே ஒரு சின்ன அறை.

பெரிதாகக் கட்ட வழியில்லை. ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், மறுபக்கம் அடுப்படிப் படிக்கட்டு. தொட்டியாவது சின்னதாக இருக்கட்டும் என்றால் மாமனார் கேட்கவில்லை. எங்கள் ஊரில் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வருகிறதோ அன்றைக்குத் திருவிழா. தொட்டி சின்னதாக இருந்தால் நாலாம் நாள் சொம்போடு தெருத்தெருவாக அலைய வேண்டும்.

இந்த இக்கட்டில்தான் தெருவில் வரையும் யோசனை வந்தது. ராஜாத்தியே சொன்னாள்: "காகிதத்துல போட்டா எனக்குத் தெரியாது அண்ணி. வண்டிய விட்டுப் பாக்கணும்."

ஒரு வாரம் தினமும் வரைந்து, தினமும் அழித்தோம். முதல் நாள் தொட்டியை ஒரு பக்கமும் கமோடை எதிர்ப் பக்கமும் வைத்தேன். நாற்காலி நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் நாள்தான் எல்லாவற்றையும் ஒரே சுவரோரம் வரிசையாக வைத்தோம். கமோடு, திட்டு, தொட்டி. எதிர்ப் பக்கம் முழுக்க வண்டிக்கு வழி. திட்டின் உயரம் நாற்காலி உயரம். கையை ஊன்றிப் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். குளித்து முடித்தால் மறுபடி நாற்காலிக்கு நகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி, நேராக வெளியே வரலாம். அந்தச் சுற்றை ராஜாத்தி கோலத்துக்குள் அத்தனை லாகவமாகச் சுற்றினாள். ஒருநாள் கூட்டம் கைதட்டியது.

தாழ்ப்பாள் பிரச்சினையை என் வீட்டுக்காரர் தீர்த்தார். உள்ளே நுழைந்தால் கதவு முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. எட்டித் தாழ் போட முடியாது. அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர், தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவை இழுக்கிற கயிற்றைப் போல ஒன்றை, புதுக் கதவுக்கு வாங்கி வைத்திருந்த தாழ்ப்பாளில் கட்டினார். திட்டில் உட்கார்ந்தபடி ஒரு பக்கம் சுண்டினால் தாழ் போய் விழும், மறுபக்கம் சுண்டினால் விலகும். இதைச் செய்து காட்டிவிட்டு அவர் மறுபடி தறிக்குப் போய்விட்டார்.

எல்லாம் சரி என்றானதும், ராஜாத்தி ஒரு நீள நூலை எடுத்துத் தெருவில் கோலத்தின் மேல் பிடித்து அளந்தாள். சுங்குடிக்குப் போடுவது போல அகலத்துக்கு ஒரு முடிச்சு, நீளத்துக்கு ஒரு முடிச்சு. அந்த நூலைத்தான் கொத்தனார் சவரிமுத்துவிடம் கொடுத்தோம். அவர் வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இந்த முடிச்ச ஒரு நூலு தாண்ட மாட்டேன் தங்கச்சி. சத்தியம்."

ஒரு விரல் கனம்

சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுதான் வினை.

சுவர் எழும்பியது, கூரை ஏறியது, பூச்சு முடிந்தது. வாசலில் குறுக்கே படி வைக்கக் கூடாது, தண்ணீருக்குத் தரையிலேயே வாட்டம் விட வேண்டும் என்று ராஜாத்தி நடையின் முனையில் உட்கார்ந்தபடி கவனித்துக்கொண்டே இருந்தாள். தரை காயும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று சவரிமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, "இனிமே போகலாம்" என்றார்.

ராஜாத்தி புதுப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு போனாள். நடையில் உருண்டு, வாசல் தாண்டி, உள்ளே. திட்டில் நகர்ந்தாள். கயிற்றைச் சுண்டினாள். தாழ் விழுந்தது. வெளியே நாங்கள் எல்லோரும் சிரித்தோம். செத்த நேரத்தில் கயிறு மறுபக்கம் சுண்டப்பட்டு, தாழ் விலகியது. அதற்கப்புறம் டொக்கென்று ஒரு சத்தம். இன்னொரு டொக். கதவு திறக்கவே இல்லை.

நான் திறந்து பார்த்தேன். நாற்காலியின் கால் வைக்கிற பலகை எதிர்ச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. பின்சக்கரம் திட்டில் முட்டியிருந்தது. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. தெருவில் அத்தனை அழகாகச் சுற்றிய வண்டி, இங்கே கால்வாசிகூடத் திரும்பவில்லை.

சவரிமுத்து நூலை எடுத்தார். சுவரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை பிடித்தார். முடிச்சுக்கு முடிச்சு இம்மி பிசகவில்லை.

"அளவு சரியாத்தானே இருக்கு?" என்றார் பாவமாக.

ராஜாத்தி உள்ளேயிருந்து கேட்டாள். "அண்ணி, உங்க கோலத்துல சுவரு எம்புட்டு கனம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு விரல் கனம். சவரிமுத்து கட்டியது ஒன்பது அங்குலச் சுவர், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மேலே பூச்சு வேறு. அவர் வழக்கப்படி வெளி அளவு எடுத்துக்கொண்டு சுவர் முழுவதையும் கோலத்துக்கு உள்ளே கட்டிவிட்டார். நாங்கள் இருவரும் ஒரு வாரம் தெருவில் உட்கார்ந்து யோசித்ததில், சுவருக்கும் உடம்பு உண்டு என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. மூலையில் தாமரை மொட்டு வைக்கத் தோன்றியது, இது தோன்றவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வண்டியைத் தூக்கி நேராக்கி, பின்னோக்கியே வரட்டும் என்று பார்த்தோம். நடையில் பாதி தூரம் வந்தாள். அங்கே நடை அடுப்படிப் பக்கம் திறக்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பின்சக்கரம் அங்கணத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளையாக நான் பிடித்துக்கொண்டேன்.

மாமனார் முகம் கறுத்துவிட்டது. "தொட்டிய வேணும்னா இடிச்சிரலாம்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. ஆனால் தொட்டியை இடித்தாலும் திட்டு இருக்கிறது, கமோடு இருக்கிறது. "அப்ப ஒண்ணும் செய்யறதுக்கில்ல. வெளிய ஒரு ஆளு நின்னு இழுத்து விடணும். கன்னிவாடிக்கு ஒரு கார்டு போட்டு சின்னம்மாவ வரச் சொல்லிருவோம்" என்றார் அவரே.

வெளிய போய்த் திரும்பிட்டு வாரேன்

ராஜாத்தி மறுபடி நாற்காலியை உருட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் விழுந்தது. மாமனார் கார்டும் பேனாவுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுத அவருக்குக் கை வரவில்லை. நான் நடையில் கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணி, அங்கதான் இருக்கீங்களா?"

"இங்கதான் இருக்கேன்."

"எனக்கு முன்னால ஒரு சுவரு இருக்குல்ல? அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"கொல்லைதான். முருங்க மரம் இருக்கு. சேல காயப்போடுற கொடி இருக்கு."

"அங்க வண்டி திரும்புமா?"

"மாட்டு வண்டியே திரும்பும்டி."

தாழ் விலகியது. நான் கதவைத் திறந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்தச் சுவத்துல ஒரு கதவு வைங்க. உள்ள திரும்ப எடமில்லைன்னா என்ன? நான் வெளிய போய்த் திரும்பிட்டு வாரேன்."

நான் நடையிலிருந்தே கத்தினேன். "மாமா! கார்டு எழுதாதீங்க!"

சவரிமுத்துவுக்கு ஆள் அனுப்பினோம். கேட்டுவிட்டு, "ரெண்டு வாசல் வச்ச குளியலறை நான் எங்கயும் கட்டுனதில்லையே" என்று தலையைச் சொறிந்தார். "பஸ்ஸுல முன்னால ஏறிப் பின்னால எறங்குறீங்கல்ல, அது மாதிரிதாண்ணே" என்றாள் ராஜாத்தி. மறுநாளே கடப்பாரையோடு வந்துவிட்டார். நூலைத் தப்பாகப் பிடித்த குற்ற உணர்ச்சியோ என்னவோ, அத்தனை வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. முன்வாசலுக்கு நேரெதிரே பின்வாசல். அதற்கும் ஒரு கதவு, அதற்கும் ஒரு தாழ்.

வாசலிலிருந்து கொல்லைக்கு இடிந்த செங்கல்லும் மண்ணும் போட்டுச் சரிவு கட்டினார். "ராஜாத்தி உருண்டு போயிரப் போறா, நான் முதல்ல பாக்குறேன்" என்று மாமனார் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். சொல்லி முடிப்பதற்குள் வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சாய அடுப்புக்கு ஒரு முழம் முன்னால் என் வீட்டுக்காரர் பாய்ந்து பிடித்தார். மாமனார் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல, "இன்னும் இம்புட்டு நீளம் இழு" என்று கையை விரித்துக் காட்டினார். சரிவு இரண்டு பங்கு நீளமானது. சிமெண்டு இறுகுவதற்குத் தினமும் காலையும் மாலையும் அவரே தண்ணீர் ஊற்றினார்.

வளையல் போட்ட நாள்

வளைகாப்பு அன்று வீடு நிறைய ஆட்கள். வத்தலக்குண்டிலிருந்து என் அம்மாவும் உறவும் வந்திருந்தார்கள். தறிகளை ஒதுக்கிவிட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். கன்னிவாடிச் சின்னம்மாவும் விருந்தாளியாக வந்து, ஐந்து வகைச் சாதத்தையும் ஆட்சி செய்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் முழங்கைவரை எனக்குக் கண்ணாடி வளையல். அசைந்தால் போதும், கலகலவென்று ஊரைக் கூட்டியது.

எனக்கு வளையல் போட வேண்டிய வரிசையில் ராஜாத்தி வர வேண்டும். அவளைக் காணவில்லை.

"இந்தா இங்கதான இருந்தா" என்றார் மாமனார். என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து நடைக்குப் போனேன். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. "ராஜாத்தி!" என்று கூப்பிட்டேன். தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. பின்னாலேயே வந்த சின்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, வழுக்கி விழுந்துட்டாளா? நான் அப்பவே சொன்னேன், ஒரு ஆளு கூட இருக்கணும்னு!"

கதவை இடிக்கக் கையை ஓங்கினேன். வளையல் அத்தனையும் சரிந்து குலுங்கியது.

"அண்ணி! வளையச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது!"

குரல் வெளியிலிருந்து வந்தது. அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். முருங்கை மரத்துக்குக் கீழே, காலை வெயிலில், ராஜாத்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை நாற்காலிக்குப் பின்னால் விரித்துப் போட்டிருந்தாள். அது தரையைத் தொட்டு, சொட்டுச் சொட்டாக ஈரம் இறங்கியது. கொடியில் காய்ந்த சிவப்புச் சுங்குடிச் சேலை ஒன்று காற்றில் வந்து அவள் தோளைத் தொட்டுத் தொட்டுப் போனது. அவள் மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரம் இம்புட்டுப் பெருசா ஆயிருச்சா அண்ணி? அம்மா இருக்கப்ப என் ஒசரம்தான் இருந்துச்சு."

நான் படியில் நின்றபடியே அழுதுவிட்டேன். பயந்த பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

"எப்படி குளிச்ச?"

"தண்ணி ஊத்தித்தான்."

ஈர முடியை ஒருமுறை உதறிவிட்டுக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, வீடு நெறைய ஆளு இருக்காங்கல்ல? அப்பா, அண்ணன், ஒறமொற, தெரு சனம், சின்னம்மா. நான் குளிச்சது யாருக்குமே தெரியலல்ல?"

"ஒருத்தருக்கும் தெரியல" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, தனக்குத்தானே சிரித்தாள்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். வத்தலக்குண்டுக்குக் கார் வந்துவிட்டது. நல்ல நேரம் போகிறது.

"வா, உன்னைத் தள்ளிக்கிட்டுப் போறேன்" என்று ஒரு படி இறங்கினேன்.

"வேண்டாம். நீங்க உங்க வழியில போங்க, நான் என் வழியில வாரேன்."

நாற்காலியை ஒரே சுற்றில் திருப்பினாள். தெருவில், என் கோலத்துக்குள் சுற்றிய அதே சுற்று. சரிவில் ஏறிக் கதவுக்குள் மறைந்தாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படியேறி, அடுப்படி தாண்டிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். அதற்குள் அவள் ஜமுக்காளத்து ஓரத்தில் கைநிறைய வளையலோடு காத்திருந்தாள்.

"என்ன அண்ணி, இம்புட்டு நேரம்? கைய நீட்டுங்க" என்றாள்.